அத்தைக்கு விட்ட இடம்

மர்யுக்கா தோலொனென் சூடான காபி குடித்து நான் பார்த்ததே இல்லை. ஆசிரியர் அறையில் யாராவது பேச வந்தால் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்குவாள். அவர் எழுந்து போகும்போது காபி பச்சைத்தண்ணீர் ஆகியிருக்கும். தட்டில் ஒரே ஒரு ஏலக்காய் பன் மிஞ்சினால் அதைத் தொடமாட்டாள். எங்கள் ஊரான குர்க்கிலஹ்தியில் கடைசி பன்னை யாருமே எடுப்பதில்லை, அது சரி. ஆனால் மற்றவர்கள் அதில் பாதியை வெட்டி எடுப்போம், பிறகு ஒருவர் வந்து அந்தப் பாதியில் பாதியை எடுப்பார். இவள் அதையும் செய்யமாட்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். "தின்னுத் தொலைடி!" என்று முழுசாக எடுத்து அவள் கையில் வைப்பேன்.

நான் பிர்க்கோ, கணக்கு டீச்சர். அவள் தாய்மொழி டீச்சர். மேல்நிலைப் பள்ளியில் இரண்டு வகுப்பறைகளுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். என் குரல் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருக்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் ஒன்றும் வராது. அவள் பாடம் நடத்துவதும் பனி பெய்வதும் ஒரே சத்தம்.

ஆனால் காகிதத்தில் அவள் புலி. பிள்ளைகளின் கட்டுரைகளில் "ஒருவேளை", "என்று நினைக்கிறேன்", "ஓரளவுக்கு" என்பவற்றையெல்லாம் சிவப்பு மையால் அடித்துத் தள்ளுவாள். ஓரத்தில், "உனக்கு வேண்டுமா, வேண்டாமா? சொல்!" என்று எழுதுவாள். இதை எழுதியவள்தான் மளிகைக் கடையில் கெட்டுப்போன பாலைத் திருப்பித் தரக் கூச்சப்பட்டு, அதை வீட்டுக்குக் கொண்டு வந்து கொட்டியவள்.

கோடைகாலத்தில் அவளுக்கு இன்னொரு வேலை உண்டு. ஏரிக்கரையில் எங்கள் ஊர் நாடக மேடை இருக்கிறது. மேலே கூரை கிடையாது, சுற்றிலும் பிர்ச் மரங்கள், எதிரே பலகை இருக்கைகள். ஒவ்வொரு கோடையிலும் ஒரு நாடகம். தபால்காரர், பல் டாக்டர், கோழிப்பண்ணைக்காரி எல்லாரும் நடிப்பார்கள். எல்லாரும் வசனத்தை மறப்பார்கள். மேடையோரம் ஒரு சின்னப் பெட்டிக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்து மறந்த வரியை எடுத்துக்கொடுப்பவள் மர்யுக்கா. மழையோ, கொசுவோ, அவள் அங்கே இருப்பாள். அவளுக்கு உலகத்தில் பிடித்த இடம் அந்தப் பெட்டிதான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வருடத்தின் முதல் ஒத்திகைக்கு அவள் சைக்கிளை மிதித்துப் போகும் வேகத்தைப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டேன்.

அந்த மேடைக்குத்தான் ஆபத்து வந்தது. வருடாவருடம் நாடகம் எழுதித் தந்த மருந்துக்கடைக்காரர் முழங்கால் வலிக்கு வெயில் நல்லது என்று ஸ்பெயினுக்குக் குடிபோய்விட்டார். மேடை இளைஞர் சங்கத்துக்குச் சொந்தம். சங்கத்தில் இளைஞர் என்று சொல்ல ஒருவரும் கிடையாது. தலைவர் தாய்ஸ்தோ கெம்ப்பைனெனுக்கு அறுபது தாண்டிவிட்டது, ஒரு காதும் மந்தம். மார்ச் மாதக் கூட்டத்தில் அவர் எழுந்தார்.

"நாடகம் எழுத ஆளில்ல. அந்த எடத்த சுற்றுலாக்காரங்க கேரவன் வண்டிங்க நிறுத்த விட்டுடலாம்னு இருக்கேன். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்றார். "உண்டா"வின் கடைசி எழுத்து வாயில் இருக்கும்போதே சுத்தியலை மேசையில் டொக்கென்று தட்டிவிட்டார். எங்கள் ஊர்க் கூட்டங்கள் இப்படித்தான். ஆட்சேபம் சொல்ல வாய் திறப்பதற்குள் அடுத்த தீர்மானம் வந்துவிடும்.

என் பக்கத்தில் மர்யுக்கா வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். காபி நேரத்தில் அவர் அருகில் போய் நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கும்வரை நின்றாள்.

"தாய்ஸ்தோ, நாடகத்த என் வகுப்புப் பிள்ளைங்க எழுதினா…"

"என்னது?"

"என் பிள்ளைங்க எழுதுவாங்க!" என்று நான் அவளுக்காகக் கத்தினேன். "அதாவது, இவ பிள்ளைங்க!"

தாய்ஸ்தோ தலையைச் சொறிந்தார். "மே தினத்துக்குள்ள கையில குடு. இல்லன்னா வண்டிதான்."

இப்படித்தான் பத்தொன்பது பிள்ளைகள் சேர்ந்து ஒரு நாடகம் எழுத வேண்டி வந்தது. மர்யுக்கா இணையத்தில் ஒரே ஆவணத்தைத் திறந்து எல்லாருக்கும் லிங்க் அனுப்பினாள். ஒரே பக்கத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதலாம், அடுத்தவர் எழுதியதைத் திருத்தலாம், ஓரத்தில் கமெண்ட் போடலாம். ஒரு வீட்டில் உறவினர்கள் கூடுகிறார்கள், ஆளுக்கு ஒரு பாத்திரம். இவ்வளவுதான் அவள் கொடுத்தது. கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்! "பிர்க்கோ, எழுத்துன்னா தனியா முட்டிக்கிட்டு உக்கார்றது இல்லடி. ஒருத்தர் சொல்றதுக்கு இன்னொருத்தர் பதில் சொல்றது. இதுல அவங்களுக்கு அது தானா வந்துடும் பாரு," என்றாள்.

வந்தது என்ன தெரியுமா? எங்கள் ஊர் பஸ் நிறுத்தம்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நாங்கள் ஒருவருக்கொருவர் இரண்டு ஆள் இடம் விட்டு நிற்போம். பனி கொட்டினாலும் நிழற்குடைக்குள் ஒருவர் இருந்தால் இன்னொருவர் வெளியில்தான் நிற்பார். அதையே இந்தப் பிள்ளைகள் ஆவணத்திலும் செய்திருந்தார்கள். ஒருவன் முதல் பக்கத்தில் எழுதியிருந்தான். அடுத்தவள் அவனுக்கு மரியாதை கொடுத்து ஒரு முழுப் பக்கத்தை வெறுமையாக விட்டு, அதற்கு அப்புறம் எழுதியிருந்தாள். அவளுக்கு அடுத்தவன் அதற்கும் அப்பால். உறவினர்கள் பத்தொன்பது பேரும் ஒரே வீட்டுக்கு வருகிறார்கள், ஆளுக்கொரு மூலையில் நின்று தன் பாட்டுக்குப் பேசுகிறார்கள், போய்விடுகிறார்கள். ஒருவர் கேட்ட கேள்விக்கு இன்னொருவர் பதிலே சொல்லவில்லை.

"மத்தவங்க எழுதினதத் தொடுங்கப்பா," என்று மர்யுக்கா கெஞ்சினாள்.

"அது அவன் எழுதினது டீச்சர்," என்றாள் ஹெல்மி. படிப்பில் கெட்டிக்காரி. அடுத்தவர் அலமாரியைத் திறக்கச் சொன்ன மாதிரி முகத்தைச் சுளித்தாள்.

ஆளுக்கு ஒரு திருத்தமாவது செய்தாக வேண்டும் என்று மர்யுக்கா கட்டளை போட்டாள். ஆளுக்கு ஒரு காற்புள்ளி சேர்த்தார்கள். கமெண்ட் எழுதச் சொன்னாள். "நன்றாக இருக்கிறது" என்று எல்லாருக்கும் எல்லாரும் எழுதினார்கள். ஓட்சோ என்று ஒரு பையன், மரம் வெட்டுகிறவர் மகன், ஆறடி உயரம், மூன்று வருடமாக வகுப்பில் வாயைத் திறந்ததில்லை. அவன் மட்டும் "மோசமில்லை" என்று எழுதியிருந்தான். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

ஏப்ரல் பாதி ஓடிவிட்டது. தாய்ஸ்தோ ஏரிக்கரையில் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நடப்பதை எல்லாரும் பார்த்தார்கள். ஒரு வியாழக்கிழமை, பட்டாணி சூப் போட்ட மதிய நேரம், மர்யுக்கா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியல பிர்க்கோ. அவங்கமேல தப்பில்ல. அந்த மேடை போயிடும்."

எனக்கு வருத்தம் வந்தால் அது கோபமாகத்தான் வரும். "குடு அந்த லிங்க்க! என்னதான் எழுதிக் கிழிச்சிருக்குதுங்கன்னு பாக்கறேன்," என்றேன்.

வகுப்புக்குப் போய் என் கணினியில் திறந்தேன். பள்ளிக் கணக்கில் நுழையாமல் திறந்ததால் என் பெயர் வரவில்லை. பெயர் தெரியாதவருக்கு அந்த ஆவணம் தானாக ஒரு மிருகத்தின் பெயர் வைக்குமாம்; "பெயரில்லாத காண்டாமிருகம்" என்று மூலையில் காட்டியது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று படித்துக்கொண்டு போனேன். நடுவில் ஒரு வரி. ஓட்சோ எழுதியது: "இந்த வீட்டின் சவுனா விறகில் சூடேறுவது. மின்சார அடுப்பு வைத்தது சவுனாவே அல்ல."

இதோ பாருங்கள், என் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஆவிக்குளியல் அறை மின்சார சவுனாதான். பொத்தானை அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் சூடு. கல்லில் தண்ணீரை ஊற்றினால் ஆவி ஆவிதான். விறகில் வந்தால் என்ன, கம்பியில் வந்தால் என்ன? அன்றைக்கும் அதுதான் என் கட்சி, இன்றைக்கும் அதுதான். கை சும்மா இருக்குமா? அவன் வரியை அழித்துவிட்டு எழுதினேன்: "மின்சார சவுனா விறகு சவுனாவுக்கு எந்த விதத்திலும் குறைந்தது இல்லை (சொல்லப்போனால் மேலானது (சாம்பல் அள்ள வேண்டாம்))."

எழுதிவிட்டு பத்தாம் வகுப்புக்கு முக்கோணம் நடத்தப் போய்விட்டேன்.

மறுநாள் இரண்டாம் பாடவேளை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் வழக்கம்போல அமைதி. பிறகு விசைப்பலகைச் சத்தம். சாதாரணமாகத் தட்டும் சத்தம் இல்லை, தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற சத்தம். நடுநடுவே "ச்சீ!" என்று ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற ஓசை, அதைத் தொடர்ந்து நான் கேட்டே இராத ஒரு கட்டைக் குரல்.

"யாருடா என் வரிய அழிச்சது? எந்தக் காண்டாமிருகம்டா அது? மின்சாரத்துல வர்றது ஆவியா? அது ரொட்டி சுடுற அடுப்புடா!"

ஓட்சோ பேசிவிட்டான்.

"எங்க வீட்டுல மின்சாரம்தான்," என்றாள் ஒருத்தி. "ஏன், நாங்க குளிக்கலையா?"

"குளிச்சீங்க. வேர்க்கல!"

"உங்கப்பாவுக்கு விறகு சும்மா கெடைக்குது, நீ பேசுவ!"

"சண்டைய அதுலயே எழுதுங்க, அதுலயே எழுதுங்க!" என்று மர்யுக்காவின் குரல். சுவரைத் தாண்டி அவள் குரல் வந்தது அன்றைக்குத்தான் முதல்முறை. என் பிள்ளைகள் முக்கோணத்தை விட்டுவிட்டுச் சுவரையே பார்த்தார்கள். நானும் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலைக்குள் ஆவணத்தின் ஓரம் கமெண்டுகளால் வழிந்தது. ஒருவர் வரியை ஒருவர் அழிப்பதும், அழித்ததைத் திரும்பக் கொண்டுவருவதும், பாதியை வைத்துப் பாதியை மாற்றுவதுமாக ஒரே அமளி. வெற்றுப் பக்கங்கள் காணாமல் போய்விட்டன. ஒருத்தி கேட்ட கேள்விக்கு ஒருவன் திமிராகப் பதில் சொன்னான். அதற்கு இன்னொருத்தி வாயடைக்கிற மாதிரி பதில் வைத்திருந்தாள். நாடகம் தானாகக் கிடைத்தது: ஏரிக்கரை வீட்டின் பழைய விறகு சவுனாவை இடித்துவிட்டு மின்சாரத்தில் புதிது கட்டலாமா என்று ஒரு குடும்பமே அடித்துக்கொள்கிறது. படித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

மர்யுக்கா அதையெல்லாம் வைத்துத்தான் பாடம் நடத்தினாள். "பாரு ஹெல்மி, நீ எழுதினத அவன் பாதியா வெட்டிட்டான். இப்ப எது நல்லா இருக்கு?" ஹெல்மி பல்லைக் கடித்துக்கொண்டு, "அவன் வெட்டினதுதான்," என்பாள். அடுத்த நிமிடம் அவன் எழுதியதைப் பாதியாக வெட்டுவாள்.

காண்டாமிருகம் யார் என்று கண்டுபிடித்ததும் ஹெல்மிதான். என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"அடைப்புக்குறிக்குள்ள அடைப்புக்குறி போடறவங்க இந்தப் பள்ளிக்கூடத்துல ஒருத்தர்தான் இருக்காங்க டீச்சர்."

"அதுக்கு என்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. எங்க வீட்டுலயும் மின்சாரம்தான். ஓட்சோகிட்ட சொல்லிடாதீங்க."

மே தினத்துக்கு முந்தின நாள் நாங்கள் இருவரும் அச்சடித்த நாடகத்தோடு தாய்ஸ்தோ வீட்டுக்குப் போனோம். சர்க்கரை தூவிய வடையும் எலுமிச்சைப் பானமும் கொடுத்தார். நின்றபடியே படித்தார், அப்புறம் உட்கார்ந்து படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த மின்சாரக்காரி யாரு, செம கூத்தா இருக்கா," என்றார். நான் எலுமிச்சைப் பானத்தை எடுத்துக் குடித்தேன். "சரி, இந்தக் கோடைக்கு நாடகம் உண்டு. ஆனா வண்டிக்காரங்ககிட்ட வாக்குக் குடுத்தாச்சு. செப்டம்பர் கூட்டத்துல அந்தத் தீர்மானத்த உறுதி பண்ணணும். யாரும் ஆட்சேபம் சொல்லலையே."

இப்போதாவது சொல்வாள் என்று மர்யுக்காவைப் பார்த்தேன். அவள் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுளுக்கெடுக்கலாம் போல எனக்கு வந்தது.

நாடகத்தில் ஒரே ஒரு குறை இருந்தது. ஐனி அத்தை என்று ஒரு பாத்திரம். இத்தனை வருடமாக அந்த சவுனாவுக்கு விறகு போட்டவள் அவள்தான். மேடைக்கே வரமாட்டாள், எப்போதும் சவுனாவுக்குள் இருப்பாள், எல்லாரும் அவளைப் பற்றிப் பேசுவார்கள். கடைசிக் காட்சியில்தான் ஒருவன் கதவைத் திறந்து கேட்கிறான்: "அத்தை, உங்களுக்கு என்ன வேணும்?" அதற்குக் கீழே "அத்தை:" என்று எழுதியிருந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. ஒரு முழுப் பக்கம் வெறுமையாக விட்டிருந்தார்கள்.

"இதை யாராவது நிரப்புங்கள்," என்று மர்யுக்கா ஓரத்தில் கமெண்ட் போட்டாள்.

"அது உங்கள் வரி டீச்சர்," என்று ஓட்சோ பதில் போட்டான். கீழே பதினெட்டு பேரும் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

எல்லாருடைய வரியிலும் கை வைத்த அந்தக் கூட்டம், அந்த ஒரு பக்கத்தை மட்டும் தொடவில்லை. அவளும் தொடவில்லை. ஜூன் பிறந்தது, பள்ளி முடிந்தது, இந்த முறை பிள்ளைகளே நடிப்பது என்று ஒத்திகை நடந்தது, பக்கம் வெறுமையாகவே கிடந்தது. கடைசியில் அவள் அங்கே ஒரு சொல் எழுதினாள்: "(இருள்.)" கேள்வி கேட்டதும் விளக்கை அணைத்து நாடகத்தை முடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு. ஹெல்மி பக்கத்தில் எழுதினாள்: "ஜூன் மாதம், டீச்சர்."

ஜூனில் எங்கள் ஊரில் ராத்திரிக்கே வெளிச்சம் போகாது. திறந்தவெளி மேடையில் எந்த விளக்கை அணைப்பது?

முதல் நாள் நாடகம். மழை தூறியது, அது இல்லாமல் கோடை நாடகம் கிடையாது. ஊரே மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, தீயில் வாட்டிய சாசேஜைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முதல் வரிசையில் தாய்ஸ்தோ, பக்கத்தில் நான். மேடையில் சவுனாவைப் பார்த்ததும் எனக்கு உறைத்தது. பயல்கள் அதை மர்யுக்காவின் பெட்டி மேலேயே கட்டியிருந்தார்கள்! மழைக்கு மறைவாக இருக்கும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவளும் நம்பி உள்ளே உட்கார்ந்திருக்கிறாள்.

அன்று யாருக்கும் வரி எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அடித்துப் பிடித்து எழுதிய வரி எவனுக்கு மறக்கும்? ஓட்சோ மேடையில் மின்சாரத்தைத் திட்டியபோது ஊர் கைதட்டியது. நான் தட்டவில்லை.

கடைசிக் காட்சி. ஓட்சோ சவுனாக் கதவை இழுத்துத் திறந்தான். உள்ளே மர்யுக்கா, மழைக்கோட்டோடு, முழங்காலில் காகிதக் கட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி.

"அத்தை, உங்களுக்கு என்ன வேணும்?"

அவள் ஏதோ முணுமுணுத்தாள். "இருள்" என்றிருப்பாள். தூறலுக்கு நடுவிலும் சூரியன் ஏரிக்கு மேலே ஜம்மென்று நின்றது. பத்தொன்பது பேரும் அவளைப் பார்த்தபடி நின்றார்கள். அவசரமே காட்டவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருக்க அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தானே. மழைச் சொட்டு கோட்டுகளில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. 'சொல்லுடி, சொல்லித் தொலை' என்று நான் நகத்தைக் கடித்தேன்.

மர்யுக்கா எழுந்தாள். காகிதக் கட்டு மடியிலிருந்து விழுந்தது.

"எனக்கு இந்த எடம் வேணும்," என்றாள். "இத யாருக்கும் தர முடியாது. வருஷம் பூரா நான் இதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். எனக்கு வேணும்!"

என் பக்கத்தில் தாய்ஸ்தோ எழுந்துவிட்டார், கையில் சாசேஜோடு. காது மந்தமானவர் குரல் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"நீ கேக்கவே இல்லையே!" என்றாள் மர்யுக்கா மேடையிலிருந்து.

"கேட்டேனே! கூட்டத்துல கேட்டேனே, ஆட்சேபம் உண்டான்னு!"

"கேட்டுட்டு நின்னியா? சுத்தியலத் தட்டிட்ட!"

"நீங்கல்லாம் எனக்காகத்தான் வருஷா வருஷம் மழையில நனையறீங்கன்னு நெனச்சேன்! எனக்கு இந்த நாடகம்னா உயிரு! யாருமே வேணும்னு சொல்லலையேன்னுதான் விட்டுடலாம்னு பாத்தேன்!"

இதுவும் நாடகம்தான் என்று நினைத்து ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மழை என்று சொல்லிக்கொண்டேன். இந்த ஊரில் எல்லாரும் ஒரே கடைசி பன்னைப் பார்த்துக்கொண்டு அடுத்தவர் எடுக்கட்டும் என்று உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

கேரவன் வண்டிகள் பழைய மரஅறுவை ஆலைக்குப் பின்னால் போய்விட்டன. அந்தக் கோடை முழுக்க, ஒவ்வொரு ஆட்டத்திலும், தாய்ஸ்தோ முதல் வரிசையிலிருந்து எழுந்து "முன்னாடியே சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினார். சாசேஜையும் மறக்கவில்லை.

முதல் நாள் நாடகத்துக்கு மறுநாள் காலை நான் அந்த ஆவணத்தைத் திறந்து பார்த்தேன். அத்தைக்கு விட்டிருந்த பக்கத்தில் "(இருள்.)" இல்லை. மர்யுக்கா எழுதியிருந்தாள்: "எனக்கு இந்த இடம் ஒருவேளை வேண்டும் என்று நினைக்கிறேன்." நான் காண்டாமிருகமாக மாறிப் பாய்வதற்குள் ஓட்சோ முந்திக்கொண்டான். "ஒருவேளை"யையும் "என்று நினைக்கிறேன்"னையும் சிவப்பில் அடித்து, ஓரத்தில் எழுதினான்: "உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா? சொல்லுங்கள், டீச்சர்."

அவளுடைய கர்சர் அந்த வரியில் கொஞ்ச நேரம் மினுக்கிக்கொண்டே இருந்தது. பிறகு திருத்தத்தை ஏற்றுக்கொண்டாள்.